புது ஊருக்கு வந்தாச்சு, கார்டு விளையாட ஆள் எங்க பிடிக்கிறது? டொரன்டோ பக்கம் வர்றவங்க அடிக்கடி கேட்குற கேள்விகள்

வேலைக்கோ படிக்கவோ பி.ஆர் கிடைச்சோ ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன்னு வந்து இறங்குறவங்கள்ல மேஜிக், போகிமான், யூகியோ மாதிரி டிரேடிங் கார்டு கேம் (கார்டைச் சேர்த்து நாமளே ஒரு டெக், அதாவது கார்டு கட்டு, கட்டி ஆடுற ஆட்டம்) ஆடுறவங்க நிறைய பேர் இருக்காங்க. ஊர்ல செட்டு இருந்துச்சு, இங்க வந்தா பெட்டியில டெக் தூங்குது, கூட ஆட ஆள் இல்ல. திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளுக்கு இங்கயே பதில் போட்டு வச்சிருக்கேன். ரம்மி ஆட ஆள் தேடுறவங்களுக்கு இது உதவாது, சாரி.

வந்து இறங்குனதும் முதல்ல என்ன பண்ணணும்?

ஆளைத் தேடாதீங்க, கடையைத் தேடுங்க. மேஜிக் கம்பெனியான விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் சைட்ல ஸ்டோர் அண்ட் ஈவென்ட் லொக்கேட்டர்னு ஒண்ணு இருக்கு, உங்க போஸ்டல் கோட் போட்டா பக்கத்துல எந்தக் கடையில எந்தக் கிழமை என்ன நடக்குதுன்னு காட்டும். போகிமானுக்கும் அதே மாதிரி ஈவென்ட் லொக்கேட்டர் உண்டு. யூகியோவுக்கு கொனாமி சைட்ல அஃபிஷியல் டோர்னமென்ட் ஸ்டோர் லிஸ்ட். ஒன் பீஸ், டிஜிமான் ஆடுறவங்க பண்டாய் டிசிஜி பிளஸ் ஆப்பைப் போட்டுக்கோங்க. அஞ்சு நிமிஷ வேலைதான், ஆனா பாதிப் பேர் இதைப் பண்ணாம ஃபேஸ்புக் குரூப்ல போய் "எனிபடி இன் ஸ்கார்பரோ?"ன்னு போட்டுட்டு பதில் வரலன்னு ஃபீல் பண்ணிட்டு உக்காந்திருப்பாங்க.

லொக்கேட்டர்ல வந்த கடைக்கு ஒரு போன் போடுங்க, இல்ல அவங்க டிஸ்கார்ட்ல சேர்ந்துடுங்க. லிஸ்ட்ல வெள்ளிக்கிழமை டிராஃப்ட்னு (அது என்னன்னு கீழ இருக்கு) இருக்கும், நேர்ல ஆள் சேராம நின்னு போயிருக்கும். "போன வாரம் எத்தனை பேர் வந்தாங்க?" இந்த ஒரு கேள்வியைக் கேட்டா போதும். எட்டு பேருக்கு மேலன்னு சொன்னா கிளம்பிடலாம்.

மேப்ல தேடினா நிறைய கார்டு கடை வருதே, எது நல்ல கடை?

விக்கிற கடை வேற, விளையாடுற கடை வேற. போகிமான் கார்டு விலை ஏறுனதுக்கு அப்புறம் தெருவுக்கு ஒரு கார்டு கடை வந்துடுச்சு, கண்ணாடி ஷோகேஸ், உள்ள கிரேடிங் பண்ணின (தரம் பாத்து மார்க் போட்ட) கார்டு, விலையைப் பாத்தா தலை சுத்தும், ஆனா உக்கார ஒரு நாற்காலி இருக்காது. அங்க நிக்கிற கூட்டத்தைப் பாத்து விளையாடுறவங்கன்னு நினைச்சுடாதீங்க, முக்கால்வாசிப் பேர் வாங்கி விக்கிறவங்க. 2025 ஜனவரில பிரிஸ்மாட்டிக் எவல்யூஷன்ஸ்ங்கிற போகிமான் செட் (ஒரே பேர்ல வர்ற புது கார்டு தொகுதி) வந்தப்போ கடை வாசல்ல நின்ன கியூவுல எத்தனை பேருக்கு ஆடத் தெரியும்னு எனக்கு இன்னும் டவுட்டுதான்.

கூகுள்ல கடையோட போட்டோவைப் பாருங்க. நீள மேஜை, மேல பிளேமேட் (கார்டு வச்சு ஆடுற விரிப்பு), ஓரத்துல குப்பைத் தொட்டி நிறைய பேக் (கார்டு பாக்கெட்) கவர் கிடந்தா அது நம்ம இடம். 401 கேம்ஸ், ஃபேஸ் டூ ஃபேஸ் கேம்ஸ் எல்லாம் இந்தப் பக்கம் ரொம்ப நாளா தெரிஞ்ச பேரு, அங்கருந்து ஆரம்பிக்கலாம். ஆனா பெரிய கடைதான் வேணும்னு அடம் பிடிக்காதீங்க. வீட்டுலருந்து ஒரே பஸ்ல போற சின்னக் கடையா இருந்தா அதுதான் பெஸ்ட், ஏன்னு கீழ சொல்றேன்.

முதல் தடவை எந்த ஈவென்டுக்குப் போறது? யாரையுமே தெரியாது.

மேஜிக்னா கண்ணை மூடிட்டு பிரீரிலீஸ். புது செட் கடைக்கு வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி நடக்கும், 2025-ல மட்டும் ஸ்டாண்டர்ட்ல (சமீபத்து செட்டை மட்டும் வச்சு ஆடுற முறை) ஆறு செட் வந்துச்சு, அதனால ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியதில்ல. ஒரு பெட்டி தருவாங்க, உள்ள ஆறு பேக், அதைப் பிரிச்சு அங்கயே 40 கார்டு டெக் கட்டணும், வழக்கமா 17 லேண்ட் (மத்த கார்டை ஆட சக்தி தர்ற கார்டு), 23 மத்த கார்டு. வீட்டுலருந்து எதுவும் கொண்டு போக வேண்டாம். எல்லாருக்கும் கார்டு புதுசு, பத்து வருஷமா ஆடுறவரும் கார்டைக் கண்ணுகிட்ட வச்சு எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு இருப்பாரு, நீங்களும் படிப்பீங்க, "இது என்ன பண்ணும்னு உங்களுக்குப் புரியுதா?"ன்னு பக்கத்துல இருக்கிறவர் கேட்பாரு, அவ்வளவுதான், பேச்சு தானா ஆரம்பிச்சுடும். அந்த டெக் கட்டுற டைம்ல கிடைக்கிற பேச்சு வேற எந்த ஈவென்ட்லயும் கிடைக்காது.

இன்னொண்ணு, இதெல்லாம் ஸ்விஸ் முறையில நடக்கும். தோத்தாலும் வெளிய அனுப்ப மாட்டாங்க, அடுத்த ரவுண்டுல உங்கள மாதிரியே தோத்த இன்னொருத்தரோட உக்கார வைப்பாங்க. மூணு ரவுண்டுன்னா மூணு புது ஆள் உறுதி. எந்த மேஜை, யாரோட ஆட்டம்னு விசர்ட்ஸோட கம்பேனியன் ஆப்லயே வந்துடும், நீங்க போய் யார்கிட்டயும் "என்கூட ஆடுறீங்களா"ன்னு கேட்க வேண்டியதே இல்ல. கூச்ச சுபாவம் உள்ளவங்களுக்கு இத விட நல்ல ஏற்பாடு கிடையாது.

போகிமான்லயும் பிரீரிலீஸ் உண்டு, பில்ட் அண்ட் பேட்டில் பெட்டி வச்சு 40 கார்டு டெக், ஆறு பிரைஸ் கார்டுக்கு (எல்லாத்தையும் முதல்ல எடுத்தவங்க ஜெயிப்பாங்க) பதிலா நாலு. சீக்கிரம் முடியும், ஜாலியா இருக்கும்.

டிராஃப்ட்னு போட்டிருக்காங்க, அது எப்படி இருக்கும்?

எட்டு பேர் வட்டமா உக்காருவாங்க, ஆளுக்கு மூணு பேக். முதல் பேக்கைப் பிரிச்சு ஒரு கார்டை எடுத்துக் கவுத்து வச்சுட்டு மிச்சத்தை இடது பக்கம் தள்ளணும், வலது பக்கத்துலருந்து இன்னொரு கத்தை வரும், அதுல ஒண்ணு, இப்படியே தீர்ற வரைக்கும். ரெண்டாவது பேக் வலது பக்கமா போகும், மூணாவது மறுபடி இடது. அந்த நேரம் யாரும் பேச மாட்டாங்க, கோவில்ல தியானம் பண்ற மாதிரி அமைதியா இருக்கும், அதைப் பாத்து என்னடா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காங்கன்னு நினைக்க வேண்டாம். கார்டைப் பத்தி அப்போ பேசக் கூடாதுன்னு ரூலே இருக்கு. முடிஞ்சதும் எல்லாரும் ஒரே நேரத்துல "அந்த டிராகன நீதான் எனக்கு அனுப்புனியா?"ன்னு ஆரம்பிப்பாங்க. செலவு சுமாரா 20, 25 டாலர், மேல 13 சதவீதம் எச்.எஸ்.டி. வரி.

கமாண்டர் நைட்டுக்குப் போகலாமா? எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க.

போகலாம், போகணும். இப்போ கடையில மேஜிக்னாலே பாதி கமாண்டர்ங்கிற ஆட்ட முறைதான். நாலு பேர் ஒரு மேஜை, 100 கார்டு டெக், பேசிக் லேண்ட் தவிர எந்தக் கார்டும் ஒண்ணுக்கு மேல கிடையாது, ஆளுக்கு 40 லைஃப். ஒரு ஆட்டம் ஒண்ணரை மணி நேரம் கூட இழுக்கும், நடுவுல வம்பு, கூட்டணி, துரோகம், சமாதானம் எல்லாம் நடக்கும். ஆளுங்களைப் பழக இதுதான் சரியான இடம்.

ஆனா ஒரு சிக்கல் இருக்கு. மேஜையில உக்காந்ததும் யாராவது "வாட் பிராக்கெட்?"னு கேட்பாங்க. 2025 பிப்ரவரில விசர்ட்ஸே கொண்டு வந்த முறை, ஒண்ணுலருந்து அஞ்சு வரைக்கும் டெக்கோட பலம். கடையில வாங்கி அப்படியே பிரிச்ச ரெடிமேட் டெக்னா ரெண்டுன்னு சொல்லுங்க, நல்லா மாத்திக் கட்டினதுன்னா மூணு. நாலு, அஞ்சு எல்லாம் விட்டுக் கொடுக்காம அடிக்கிற ரகம். இதுல பொய் சொன்னீங்கன்னா முடிஞ்சது. ரெண்டுன்னு சொல்லிட்டு நாலாவது டர்ன்ல ஜெயிச்சா கை குடுத்துட்டு சிரிச்சுட்டுப் போவாங்க, அடுத்த வாரம் "மேஜை ஃபுல்லு"ன்னு சொல்லுவாங்க. புது ஊர்ல முதல் மாசம் ஜெயிக்கிறது முக்கியமில்ல, ஊர்ல நாம பெரிய ஆளா இருந்திருக்கலாம், அது இங்க யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய அவசரமும் இல்ல. ரெண்டு டெக் கொண்டு போங்க, ஒண்ணு மெதுவானது, ஒண்ணு கொஞ்சம் வேகமானது. மேஜையைப் பாத்து எடுத்துக்கலாம்.

டெக்கே இல்லன்னாலும் போங்க. கமாண்டர் ஆடுறவங்க பையில அஞ்சாறு டெக் வச்சுட்டு அதை யாருக்காவது குடுக்க மாட்டோமான்னு அலைவாங்க. "கேன் ஐ பாரோ எ டெக்?"னு கேட்டுப் பாருங்க, டெக்கையும் குடுத்து, அதை எப்படிக் கட்டினேன்னு இருபது நிமிஷம் கதையும் சொல்லுவாங்க.

நான் ஆடுற கேம் இங்க யாருமே ஆடலையே?

அப்போ அவங்க ஆடுற கேமை ஆடுங்க. கசப்பா இருக்கும், ஆனா உண்மை அதுதான். நீங்க ஊர்ல ஃபிளெஷ் அண்ட் பிளட் வெறியரா இருக்கலாம், இங்க உங்க பக்கத்துக் கடையில செவ்வாய்க்கிழமை லோர்கானாவும் வெள்ளிக்கிழமை மேஜிக்கும்தான்னா, உங்க கேமுக்காக ஒண்ணரை மணி நேரம் பஸ் மாறிப் போய் மாசத்துக்கு ஒரு தடவை ஆடுறத விட, பக்கத்துல நடக்கிறதுல வாராவாரம் உக்காருறது மேல். கேம் ரெண்டாவது, மேஜை முதல்ல. ஆளுங்க பழகினதுக்கு அப்புறம் உங்க கேமை நீங்களே கொண்டு வாங்க, ரெண்டு ரெடிமேட் டெக் பையில வச்சுக்கோங்க, ரவுண்டுக்கு நடுவுல சும்மா இருக்கிற ஒருத்தர்கிட்ட "இதை ஒரு ஆட்டம் பாக்குறீங்களா"ன்னு கேளுங்க. கார்டு ஆடுறவங்க புது கேம்னா வேண்டாம்னு சொன்னதா சரித்திரம் இல்ல.

போனேன், ஆடினேன், யாரும் பெருசா பேசல. மறுபடி போகணுமா?

ஆமா. அதே கடை, அதே கிழமை, அதே நேரம். இதுதான் இந்தப் பக்கத்துலயே முக்கியமான பதில். வெவ்வேற கடையா சுத்திட்டே இருந்தா எல்லா இடத்துலயும் நீங்க புது ஆள்தான். இந்த ஊர்ல யாரும் முதல் நாளே "வாங்க, சாப்பிட்டீங்களா"ன்னு கேட்க மாட்டாங்க, திமிரு இல்ல, பழக்கம் அப்படி. ஒரு முகத்தை நாலஞ்சு வாரம் தொடர்ந்து பாத்தாத்தான் பேர் கேட்பாங்க. அதுக்குத்தான் மேல சொன்னேன், ஒரே பஸ்ல போற கடையா பாருங்கன்னு. பிப்ரவரி மாசம் மைனஸ் பதினஞ்சுல ரெண்டு பஸ் மாறணும்னா நீங்க போக மாட்டீங்க, எவ்வளவு ஆசை இருந்தாலும் போக மாட்டீங்க.

சின்னச் சின்ன விஷயம் உதவும். ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி போங்க, முடிஞ்ச உடனே ஓடாதீங்க, நாற்காலியைத் தள்ளி வைக்க கை குடுங்க. கவுன்டர்ல நிக்கிற பையன் பேரைத் தெரிஞ்சு வச்சுக்கோங்க, "இவரு புதுசு, இவரோட சேத்துக்கோங்க"ன்னு சொல்ற அதிகாரம் அவன்கிட்டதான் இருக்கு.

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு சரளமா வராது.

கார்டு கேமுக்குத் தேவையான இங்கிலீஷ் ஐம்பது வார்த்தை கூட இருக்காது, அதுல பாதி கார்டுலயே அச்சாகி இருக்கு. "மே ஐ ரீட் தட்?"னு கேட்டுட்டு கார்டைத் தொடுங்க, கேட்காம அடுத்தவங்க கார்டை எடுக்கிறதுதான் தப்பு, தெரியலன்னு கேட்கிறது தப்பே இல்ல. அப்புறம், ஸ்கார்பரோ மார்க்கம் பக்கம் நீங்க போன்ல வீட்டுக்கு "இன்னும் ஒரு ரவுண்டு இருக்கும்மா"ன்னு சொல்றத கேட்டுட்டு எதிர்ல இருக்கிற பையன் "அண்ணா, நீங்கள் தமிழோ?"ன்னு யாழ்ப்பாணத் தமிழ்ல கேட்க நல்ல சான்ஸ் இருக்கு. நடந்திருக்கு.

சிங்கப்பூர்லருந்து மாறி வந்தேன். என் யூகியோ டெக் இங்க செல்லுமா?

டோர்னமென்ட்ல செல்லாது. சிங்கப்பூர், மலேசியா எல்லாம் ஓ.சி.ஜி (யூகியோவோட ஆசியப் பதிப்பு) ஏரியா, கனடா, அமெரிக்கா, ஐரோப்பா டி.சி.ஜி (மேற்கத்தியப் பதிப்பு). கார்டும் வேற, தடை லிஸ்ட்டும் வேற. ஏசியன் இங்கிலீஷ் கார்டுல இங்கிலீஷ்தானே இருக்குன்னு வாதாடி பிரயோஜனம் இல்ல. கடையில சும்மா நட்பா ஆடலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஜப்பானிய போகிமான் கார்டுக்கும் இதே கதைதான். மேஜிக்ல மட்டும் எந்த மொழி கார்டும் ஆடலாம்.

சின்ன வயசுல பொட்டிக்கடையில வாங்கின யூகியோ கார்டு கட்டா இருக்கு, எடுத்துட்டுப் போகட்டுமா?

எடுத்துட்டுப் போங்க, சிரிக்கிறதுக்கு. டபிள்யூ.டபிள்யூ.இ டிரம்ப் கார்டு பக்கத்துல தொங்கிட்டு இருந்த அந்த பாக்கெட் எல்லாம் டூப்ளிகேட். ஒரிஜினல் யூகியோ கார்டுல முன்பக்கம் வலது கீழ் மூலையில சின்னதா ஒரு பளபள சதுரம் இருக்கும், நம்ம கார்டுல இருக்காது, எழுத்துப் பிழை வேற இருக்கும்.

ஆனா அந்த ஆசை இன்னும் இருக்குன்னா ஒரு வழி இருக்கு. இப்போ ஓடுற யூகியோ ரொம்ப வேகம், ஒரு டர்ன்ல எதிராளி பத்து நிமிஷம் ஆடுவான், நீங்க வேடிக்கை பாக்கணும். அதுக்குப் பதிலா 2005 காலத்து கார்டோட நிறுத்திக்கிற கோட் ஃபார்மட், 2010-ஓட நிறுத்துற எடிசன் ஃபார்மட்னு இருக்கு. சில கடையில தனியா நாள் வச்சு நடத்துறாங்க. வர்றவங்க பெரும்பாலும் முப்பது வயசைத் தாண்டின, வேலைக்குப் போயிட்டு வந்து உக்கார்ற ஆளுங்க, பேச நல்லா இருக்கும்.

பையனுக்கு பத்து வயசு, போகிமான் பைத்தியம். அவனுக்கு கூட்டு கிடைக்குமா?

பெரியவங்களை விட சீக்கிரம் கிடைக்கும். போகிமான்ல ஜூனியர், சீனியர், மாஸ்டர்ஸ்னு வயசு வாரியா பிரிச்சிருக்காங்க, கடைகள்ல வார இறுதியில லீக் நடக்கும். அவன் பேர்ல பிளேயர் ஐ.டி. ஒண்ணு எடுத்துடுங்க, பெத்தவங்க அக்கவுன்ட் வழியாத்தான் எடுக்கணும். 60 கார்டு ரெடிமேட் லீக் பேட்டில் டெக் ஒண்ணு வாங்கிக் குடுத்தா ஆரம்பிக்கப் போதும். பேக் பேக்கா வாங்கிக் குடுத்து டெக் கட்டலாம்னு நினைச்சீங்கன்னா சம்பளம் போயிடும்.

முக்கியமா, பெரிய பசங்க "டிரேட் பண்ணலாமா தம்பி"ன்னு வந்தா நீங்க பக்கத்துல நில்லுங்க. பளபளன்னு இருக்கிற அஞ்சு கார்டைக் குடுத்துட்டு விலையான ஒண்ணை வாங்கிட்டுப் போற ஆளு எல்லா ஊர்லயும் உண்டு. நீங்களும் ஆடக் கத்துக்கிட்டா இன்னும் நல்லது, ஓரமா உக்காந்து போன் நோண்டுற மத்த அப்பா அம்மாவோட உங்களுக்கும் ஒரு செட்டு சேரும்.

பொண்ணுங்க தனியா போகலாமா?

போறாங்க. ஆனா எல்லா கடையும் ஒரே மாதிரின்னு சொன்னா அது பொய். சில இடத்துல உள்ள நுழைஞ்ச உடனே எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க, சில இடத்துல கேட்காமலே ரூல்ஸ் கிளாஸ் எடுப்பாங்க. முதல் தடவை வேடிக்கை பாக்கப் போற மாதிரி போய் கடை ஆளுங்க எப்படின்னு பாத்துட்டு வாங்க. கவுன்டர்ல, ஜட்ஜா (ஆட்டத்துல ரூல்ஸ் பாத்துக்கிறவங்க) எல்லாம் பொண்ணுங்க இருக்கிற கடையா இருந்தா பெரும்பாலும் நல்லா இருக்கும். யாராவது எல்லை மீறினா ஜட்ஜைக் கூப்பிடலாம், அதுக்குத்தான் அவங்க இருக்காங்க. பிடிக்கலன்னா அடுத்த கடை, உங்க காசு.

கடையே இல்லாத பக்கம் வீடு. இல்லன்னா நைட் ஷிப்ட். என்ன பண்றது?

லைப்ரரி. டொரன்டோ பப்ளிக் லைப்ரரிக்கு நூறு கிளை இருக்கு, உங்க கிளையில என்ன கேம் புரோகிராம் நடக்குதுன்னு கேளுங்க, இல்லன்னா ஒரு மேஜையில உக்காந்து பிளேமேட்டை விரிச்சு டெக்கைக் கலைச்சுட்டு இருந்தாலே யாராவது வந்து "இஸ் தட் மேஜிக்?"னு கேட்பாங்க. காலேஜ்ல படிக்கிறவங்க கிளப் இருக்கான்னு பாருங்க, பெரும்பாலும் இருக்கும். ஆபீஸ்லயும் கேளுங்க, ஐ.டி. டீம்ல ஒருத்தராவது பழைய கார்டை பேஸ்மென்ட்ல வச்சிருப்பாரு.

ஆன்லைன்னா ஸ்பெல்டேபிள்ங்கிற சைட்ல வெப்கேம் வச்சு நிஜ கார்டோட கமாண்டர் ஆடலாம். ஊர்ல விட்டுட்டு வந்த செட்டோட ஆடுறதுக்கு இதுதான் வழி, இங்க காலை, அங்க சாயங்காலம்னு சனிக்கிழமை ஒத்து வரும். கம்ப்யூட்டர்ல, போன்ல ஆடுற அரீனா (மேஜிக்), மாஸ்டர் டூயல் (யூகியோ), போகிமான் டிசிஜி லைவ் எல்லாம் கை பழகிட்டே இருக்க நல்லது, ஆனா அதுல ஃப்ரெண்டு கிடைக்க மாட்டாங்க. எதிர்ல இருக்கிறவன் ஒரு எமோஜி அனுப்புவான், அவ்வளவுதான் உறவு.

ஊர்ல இருக்கிற கார்டை எல்லாம் கொண்டு வரட்டுமா?

வேண்டாம். கட்டின டெக், விலையான கார்டு மட்டும் கொண்டு வாங்க, அதுவும் கேபின் பேக்ல. செக்-இன் பெட்டியில போடவே போடாதீங்க. சும்மா சேர்ந்த காமன் கார்டு, பேசிக் லேண்ட் எல்லாம் அங்கயே யாராவது கத்துக்கிற பையனுக்குக் குடுத்துடுங்க, இங்க லேண்ட் கடையிலயே பெட்டியில கிடக்கும். குடியேற வர்றவங்களா இருந்தா, கூட கொண்டு வர்ற பொருள், பின்னாடி வரப்போற பொருள்னு கஸ்டம்ஸுக்கு லிஸ்ட் குடுக்கணும், கலெக்ஷன் பெருசுன்னா அதையும் மதிப்போட எழுதி, போட்டோவும் எடுத்து வச்சுக்கோங்க. குளிர்காலத்துல ஹீட்டர் ஓடி வீடு ரொம்ப வறண்டு போகும், ஃபாயில் (பளபள) கார்டு வளைஞ்சுக்கும், ஹீட்டர் பக்கத்துல வைக்காதீங்க.

எப்போ வீட்டுக்குக் கூப்பிடலாம்?

கடையில பல தடவை ஒண்ணா ஆடி, ஒருத்தர் தோத்தா எப்படி நடந்துக்கிறாருன்னு பாத்ததுக்கு அப்புறம். ஆன்லைன்ல பேசின ஆளா இருந்தா முதல் சந்திப்பு கடையிலதான், கார்டு வாங்குறது விக்கிறதும் அப்படியே.

கூப்பிட்டா நாலு பேருக்கு மேல வேண்டாம், எட்டு பேரைக் கூப்பிட்டு டிராஃப்ட் நடத்துறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், அபார்ட்மென்ட் டைனிங் டேபிள்ல நாலு பிளேமேட் விரிச்சாலே காபி வைக்க இடம் இருக்காது. மிக்சர், முறுக்கு எல்லாம் ஆட்டம் முடிஞ்சப்புறம்தான் எடுக்கணும், எண்ணெய்க் கையோட அடுத்தவன் கார்டைத் தொட்டா ஸ்லீவ் (கார்டு உறை) போட்டிருந்தாலும் கோவம் வரும். கிளம்புறப்போ அடுத்த தேதியை அப்பவே பேசி முடிச்சு வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுங்க. "அப்புறம் சொல்றேன்"னு விட்ட செட்டு எதுவும் மறுபடி கூடினதா நான் பாத்ததில்ல.